இறங்கிய பிறகு

மூன்று வருஷம் சைக்கிளில் பல தேசங்களைச் சுற்றிவிட்டுப் பொன்னழகு ஊர் திரும்பியது எழுபத்தொன்றாம் ஆண்டு பங்குனி மாதம். பம்பாயில் கப்பலைவிட்டு இறங்கியவன் அங்கிருந்து ரயிலில் ஏறி வந்திருக்கலாம். ஏறவில்லை. பாஸ்ராவிலிருந்து ஜெர்மனி வரைக்கும் மிதித்துவிட்டு, சொந்த ஊருக்கு ரயிலில் போய் இறங்குவதா என்ற வீம்பு. வெயிலில் வெந்து, தாடியும் மீசையுமாக அவன் காரைக்குடிக்குள் நுழைந்தபோது, சேதி தெரிந்து ஊர்க்காரர்கள் நாயனத்தோடு காத்திருந்தார்கள். மாலை போட்டார்கள். யாரோ ஒரு பெரிய மனிதர் பொன்னாடை போர்த்தி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, அவன் போகாத தேசங்களின் பெயரையெல்லாம் சேர்த்துச் சொல்லிப் புகழ்ந்தார். அங்கிருந்து சாக்கோட்டை வழியாக மேலக்கரைப்பட்டிக்கு ஊர்வலம். இனிமேலும் நீ மிதிக்கக்கூடாது என்று சொல்லி, சைக்கிளை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, அவனையும் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். அத்தனை தேசத்து எல்லைகளையும் தன் காலால் மிதித்துக் கடந்தவன் சொந்த ஊர் எல்லையை மாட்டுவண்டியில் நின்றுகொண்டு கடந்தான். அன்றைக்கு அது அவனுக்கு உறைக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாசலில் அம்மா மீனாள் ஆலத்தி எடுத்தாள். அப்பா மலையாண்டி மகனுக்குத் திருநீறு பூசினார், சைக்கிளுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். மனைவி கல்யாணசுந்தரி நிலைக்கு உள்ளே நின்றிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுசாக முடியாத நிலையில் அவளை விட்டுவிட்டுப் போனவன் அவன். ஒரே வருஷத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு. "வாங்க" என்றாள் அவள். அவ்வளவுதான். வீடு நிறையக் கூட்டம் இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும் என்று அவனும் நினைத்துக்கொண்டான்.

கூட்டம் பத்துப் பதினைந்து நாள் ஓயவில்லை. காலையில் பல் விளக்கும்போதே யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே சோறு கிடைக்குமா, ஐஸ் மழை மாதிரி கொட்டுமாமே, வெள்ளைக்காரிகள் சிகரெட் குடிப்பார்களாமே, பன்றிக்கறி தின்றாயா? இந்த நாலைந்து கேள்விகள்தான். பதிலையும் அவர்களே கையில் வைத்திருந்தார்கள். அவன் வேறு மாதிரி சொன்னால் முகம் சுருங்கியது. பனி விழும்போது சத்தமே இருக்காது என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. தகரக் கொட்டகையில் கல் விழுவது மாதிரி இருக்கும் என்று ஏற்கெனவே ஊரில் முடிவு செய்திருந்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஈரான் தேசத்தில் ஒரு பொட்டைக் காட்டில் தண்ணீர் தீர்ந்துபோய், வண்டியைப் போட்டுவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்திருந்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி இறங்கி, தோல் பையிலிருந்து தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்து முடித்து நிமிர்ந்ததும் பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விட்டார். அறைந்துவிட்டு, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கொஞ்சம் ரொட்டியும் இன்னொரு பை தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெயர் தெரியாது. பாஷை தெரியாது. மூன்று வருஷத்தில் பார்த்த கோபுரங்களும் பாலங்களும் மறந்தாலும் அந்த அறை மறக்கவில்லை.

டீக்கடையில் வைத்து ஒருநாள் அதைச் சொன்னான். கடை குழந்தைவேலுவினுடையது. அவன் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே அறை வரைக்கும்தான் கேட்டான். அதற்குள் யாருக்கோ டீ ஆற்ற வேண்டியிருந்தது. அழுத கதையைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. இரண்டே நாளில், பொன்னழகு வெளிதேசத்தில் ஒரு சாயபுவிடம் அறை வாங்கிக்கொண்டு வந்தான் என்று ஊரில் பேச்சானது. எதற்காக அறைந்தான் என்பதற்கும் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு காரணம் அம்மாவின் காதுக்கு வந்து, அவள் ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்தாள். லாரிக்காரர் அழுதது வரைக்கும் அவளிடம் சொல்லித்தான் அவளைச் சாப்பிட வைத்தான். அதோடு அவன் கதை சொல்வதை நிறுத்திவிட்டான்.

கேட்பவர்களும் குறைந்தார்கள். சித்திரை பிறந்ததும் வீடு வெறிச்சென்று ஆனது. அப்போதுதான் சங்கடம் தொடங்கியது.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பொன்னழகின் கால்கள் சும்மா இருக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் தொடைச் சதை தானாகத் துடித்தது. விடியும் முன்பே விழித்துக்கொண்டு, இன்றைக்கு எந்த ஊர் போய்ச் சேர வேண்டும் என்று யோசிப்பான். எந்த ஊரும் போய்ச் சேர வேண்டியதில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வரும். அந்த நேரம்தான் அன்றாடம் அவனுக்குப் பெரிய எரிச்சல். பொறுக்க மாட்டாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒருநாள் திருக்கோஷ்டியூர் வரைக்கும் போனான். கோயிலுக்குள் போகவில்லை. குளத்தில் முகம் கழுவிவிட்டுத் திரும்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அப்பா எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னான். என்ன சோலி என்று கேட்டார். ஒரு சோலியும் இல்லை, சும்மாதான் போனேன் என்றான்.

"சும்மா அம்புட்டுத் தூரம் போவானாடா ஒருத்தன்?" என்றார் மலையாண்டி. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. மூன்று வருஷமாக மகன் செய்ததும் அதுதான் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அது சாதனை. பேப்பரில் வந்தது. இது வேலைவெட்டி இல்லாதவன் செய்வது.

வயலுக்குப் போய்ப் பார்த்தான். தம்பி தங்கச்சாமி இப்போது கிணற்றில் பம்புசெட் போட்டிருந்தான். கமலை இறைத்த காலத்தில் பொன்னழகுக்கு அங்கே வேலை இருந்தது. இப்போது ஒரு சுவிட்சுக் கட்டையைத் தூக்கிப் போட்டால் தண்ணீர் தானாக ஓடுகிறது. மண்வெட்டியை எடுத்து வாய்க்காலைத் திருப்ப ஆரம்பித்தவனைத் தம்பி தடுத்துவிட்டான். "நீங்க எதுக்குண்ணே சேத்துல இறங்குறீக? அங்குட்டு மரத்தடியில உக்காருங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் பொன்னழகு தவறான மடையைத் திறந்திருந்தான் என்பதும், தம்பி அவனுக்குத் தெரியாமல் போய் அதை அடைத்தான் என்பதும் மரத்தடியிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

கல்யாணசுந்தரி வீட்டில் இருப்பதில்லை. அவன் இல்லாத காலத்தில் அவள் சாக்கோட்டையில் பால்வாடி டீச்சராகச் சேர்ந்திருந்தாள். காலையில் சமையலை முடித்துவிட்டு, ஒரு தூக்குவாளியும் குடையும் எடுத்துக்கொண்டு நடந்தே போவாள். சாயங்காலம் நடந்தே வருவாள். வந்ததும் மாடு, அடுப்பு, மாமியாரின் கால்வலிக்குத் தைலம். அவனிடம் அவள் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிடக் கூப்பிட்டாள், துணி துவைத்துப் போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒருநாளும் அவன் போன ஊர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஊரே தப்பாகக் கேட்கிறது, இவள் கேட்கவே இல்லை. இரண்டில் எது மோசம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

வைகாசியில் கண்டனூரிலிருந்து ஆள் வந்தது. ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். வருஷம் முழுதும் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, வெள்ளையடித்து, பர்மாவிலும் மலாயாவிலும் இருந்தவர்களெல்லாம் கூடியிருந்தார்கள். சைக்கிளோடு அவசியம் வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்ததால், வெளிதேசம் பார்த்தவர்கள் நம்மோடு நாலு வார்த்தை பேச ஆசைப்படுகிறார்கள் போலும் என்று நினைத்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அவனைப் பந்தல் முகப்பில் ஓரிடம் காட்டி, சைக்கிளோடு நிற்கச் சொன்னார்கள். ஒரு பக்கம் பேண்டு வாத்தியம், மறுபக்கம் இவன். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். குழந்தைகள் மணியை அடித்துப் பார்க்கும். அந்த வீட்டு ஆச்சி ஒருவர் மட்டும் வெளியே வந்து, வெயிலில் நிற்கிறீகளே என்று வருத்தப்பட்டு, பன்னீர் சோடா கொடுத்தனுப்பினார். அந்தச் சோடாவைக் குடித்துவிட்டு, சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டான். கல்யாண வீட்டில் கை நனைக்காமல் வந்ததற்கு அப்பாவிடம் வசவு வாங்கினான்.

ஆனி மாதம் மேலக்கரைப்பட்டிப் பொட்டலில் ஒரு சைக்கிள் வித்தைக்காரன் வந்து இறங்கினான். பெயர் செம்மலை. ஒல்லியான ஆள், கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட பனியன். பொட்டலின் நடுவே ஒரு கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, சுற்றிலும் கயிறு இழுத்தார்கள். ஒரு வாரம் சைக்கிளைவிட்டு இறங்காமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பான். குளிப்பதும் சாப்பிடுவதும் சைக்கிள் மேலேதான். ஓட்டிக்கொண்டே கீழே கிடக்கும் கைக்குட்டையைப் பல்லால் எடுப்பான், ட்யூப்லைட்டை நெஞ்சில் உடைத்துக்கொள்வான். சாக்கோட்டையிலிருந்தெல்லாம் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இரண்டாம் நாள் டீக்கடையில் குழந்தைவேலு பொன்னழகைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்ப்பா பொன்னழகு, நீ அங்குட்டெல்லாம் போனியே, ராத்திரி தூங்குனியா?"

"தூங்காம? தூங்கத்தான் செஞ்சேன்."

"சைக்கிளவிட்டு இறங்கித்தான?"

"இறங்கித்தான்."

"சாப்பிடவும் இறங்கினே."

"இறங்கினேன்."

குழந்தைவேலு கடையில் இருந்தவர்களைப் பார்த்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு வழக்கு முடிந்துவிட்டது.

அன்று மாலையே ஒலிபெருக்கிக்காரன், உலகம் சுற்றிய வீரர் பொன்னழகு நம் செம்மலையோடு சேர்ந்து நாளை பிற்பகல் வலம் வருவார் என்று அறிவித்துவிட்டான். பொன்னழகு வீட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்டான். யாரைக் கேட்டு அறிவித்தான் என்று கோபத்தோடு வெளியே வந்தால், அப்பாவைக் கேட்டுத்தான் அறிவித்திருக்கிறான். மலையாண்டி டீக்கடை விவகாரத்தைக் கேள்விப்பட்டு, மகனுடைய மானத்தைக் காப்பாற்ற அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

முடியாது என்றான் பொன்னழகு. ஊர் கேட்கிறது, ஒருநாள் சாயங்காலம் சுற்றினால் தேய்ந்தா போவாய் என்றார் அவர்.

"அப்பா, அது வேற, இது வேற."

"ரெண்டும் சைக்கிள்தானடா?"

பொன்னழகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்த மனிதர் மகன் இல்லாத மூன்று வருஷமும் தெருத் தெருவாக அவன் பெருமையைச் சொல்லித் திரிந்தவர். இப்போது அந்தப் பெருமையை ஒரு டீக்கடையில் உடைத்துவிட்டார்கள். அதை ஒட்டவைக்க அவருக்குத் தெரிந்த வழி இது. சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அடுப்படியில் கல்யாணசுந்தரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, குழம்பைக் கிளறினாள்.

மறுநாள் வெயில் தாழ ஆரம்பித்த நேரத்தில் அவனைப் பொட்டலுக்குள் இறக்கினார்கள். மாலை போட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒரே பாட்டுத் தட்டைத் திரும்பத் திரும்ப வைத்தார்கள். கயிற்றுக்கு வெளியே ஊரே நின்றது. முன்வரிசையில் அப்பா, தோளில் சலவைத் துண்டு.

முதல் சில வட்டங்கள் ஒன்றுமில்லை. கால் தானாக மிதித்தது. செம்மலை பக்கத்தில் வந்து, "அண்ணே, உள்வட்டமா வாங்க, வெளிய போனா கால் கடுக்கும்" என்று மெதுவாகச் சொன்னான். நல்ல பையன். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் வீங்கிக் கிடந்தது. கொஞ்ச நேரம் சேர்ந்து ஓட்டினார்கள். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, "வெளிநாட்டு ரோடெல்லாம் எப்படிண்ணே? ரொம்ப தூரம் நேராப் போகுமா?" என்று கேட்டான் செம்மலை. போகும் என்றான் பொன்னழகு. சில இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வளைவே வராது என்றான். செம்மலை குனிந்து மிதித்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

பிறகு வட்டங்கள் கனத்தன. டீக்கடை, வேப்பமரம், அப்பாவின் துண்டு, ஒலிபெருக்கிக் கம்பம். மறுபடியும் டீக்கடை. ஒவ்வொரு தடவையும் அப்பா அதே இடத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தடவையும் குழந்தைவேலு காலைத்தான் பார்த்தான், எப்போது ஊன்றுவான் என்று. புழுதி எழும்பி நாக்கில் ஒட்டியது. மலைப்பாதையில் மூச்சு வாங்கியிருக்கிறான், குளிரில் விரல் மரத்துப்போய் ஓட்டியிருக்கிறான், ஆனால் எந்த ஊரும் போய்ச் சேராமல் ஒருநாளும் மிதித்ததில்லை. பங்குனியிலிருந்து செய்துகொண்டிருப்பதே இதுதான் என்று அவனுக்குப் பட்டது.

கிழக்குப் பக்கம், வண்டிகள் வந்துபோக ஓரிடத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் சாக்கோட்டைச் சாலை தெரிந்தது. அந்த இடத்தைக் கடந்துகொண்டே இருந்தவன் ஒரு தடவை கடக்கவில்லை. ஹேண்டில்பாரை நேராக்கிவிட்டான்.

அதுவும் ஒரு வித்தை என்று நினைத்து ஜனங்கள் முதலில் கைதட்டினார்கள். அவன் சாலையில் ஏறித் தூரமாகப் போனபிறகுதான் சத்தம் மாறியது. யாரோ சீட்டி அடித்தான். ஓடுறான்டா என்று எவனோ கத்தியது காதில் விழுந்தது. அப்பாவின் குரலும் கேட்டது. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. கழுத்து மாலையைப் பிய்த்து ஓடையில் எறிந்துவிட்டு மிதித்தான்.

கொஞ்ச தூரம் போனதும் எதிரே குடையோடு கல்யாணசுந்தரி வருவது தெரிந்தது. செருப்பில்லாத கால், இடுப்பில் செருகிய முந்தானை, கையில் தூக்குவாளி. தலையைக் குனியாமல், கையை வீசி, விறுவிறுவென்று நடந்து வந்தாள். வீட்டுக்குள் இப்படி அவள் நடந்து அவன் பார்த்ததில்லை. வேறு யாரோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டான்.

நிறுத்தி, காலை ஊன்றி நின்றான். வியர்வையும் புழுதியுமாக அவன் நின்ற கோலத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

"ஏறிக்க. கொண்டுபோய் விடுறேன்" என்றான்.

"வேண்டாம். நான் நடந்தே வாரேன்."

"நாளையிலேருந்து நானே கொண்டாந்து விட்டுட்டுக் கூட்டியாரேன். எனக்கும் வேற என்ன சோலி?"

அதற்கும் வேண்டாம் என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது. ஊர்தான் அவனை ஒரு காட்சிப்பொருளாக வைத்திருக்கிறது என்றால், இவளும் தன் பின்னால் உட்காரக் கூசுகிறாளா? அப்படியே கேட்டும்விட்டான். குரல் உயர்ந்துவிட்டது. என் சைக்கிளில் ஏற உனக்கு என்ன கேவலம் என்று கேட்டான்.

அவள் குடையை மடக்கினாள். "கேவலமெல்லாம் இல்லை. காலையில வீடு, பகல்ல பிள்ளைக, சாயந்தரம் திரும்ப வீடு. நடுவுல இந்தத் தார்ரோடுதான் எனக்குன்னு இருக்கு. இதுல போறப்ப யாரும் என்னைய ஒன்னும் கேக்க மாட்டாக. ஒங்களுக்குத் தெரியாததா?"

அவனுக்குத் தெரியும். அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? கோபம் இருந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியாமல் சைக்கிள் மணியைக் கட்டை விரலால் தடவிக்கொண்டு நின்றான். பிறகு இறங்கி, கூட நடக்கலாமா என்று கேட்டான். அவள் தலையசைத்தாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு ஊரைப் பார்க்க நடந்தான். பொட்டலில் நடந்ததை அவனே சொன்னான். அவள் சிரிக்கவுமில்லை, வருத்தப்படவுமில்லை. பிறகு, எதிர்பாராத விதமாக, அந்த லாரிக்காரரைப் பற்றிக் கேட்டாள்.

"அடிச்சவுக அழுதாகன்னு அத்தைகிட்ட சொல்லிக்கிட்டிருந்தீகளே, நெசமா?"

"நெசந்தான். ஏன் அழுதாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

"அவுக பிள்ளை ஏதாச்சும் அப்படிப் போயிருக்கும்" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தாள். "ஒங்க கடுதாசி வந்தா மாமா வாசல்ல உக்காந்து சத்தமா வாசிப்பாக. ஊரே கேக்கும். நானும் உள்ள நின்னு கேப்பேன். ஊருக்குத் தெரிஞ்சதுதான் எனக்கும் தெரியும். ஒரு வருசத்துல வாரேன்னு சொன்ன ஆளு வரல. எங்கண்ணன் வந்து பொறந்த வீட்டுக்குக் கூப்பிட்டாரு. போனா, புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்னு பேராயிரும். சும்மா உக்காந்திருக்கவும் முடியல. எட்டாவது படிச்சிருக்கேன்ல, பால்வாடிக்கு எழுதிப் போட்டேன். மாமா ஒரு மாசம் எங்கூடப் பேசல."

இதெல்லாம் தனக்குத் தெரியாது என்றான். நீங்கள் கேட்கவில்லையே என்றாள் அவள். அவள் சொன்னதில் குத்தல் இல்லை. அதனால்தான் அது அதிகமாக வலித்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை என்று இத்தனை நாளும் மனசுக்குள் குறை வைத்திருந்தது அவன்.

ஊர் தெரியும் இடத்துக்கு வந்ததும் அவள் நின்றாள். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

"திரும்பப் போகணும்னு இருக்கா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருக்கு" என்றான். "ஆனா போகமாட்டேன்."

"போறதும் போகாததும் ஒங்க இஷ்டம். போனா எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க. போன தடவ மாமாவக் கேட்டீக, அத்தையக் கேட்டீக. கொழுந்தனாரு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அவள் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனான்.

அன்று வீட்டில் நடந்ததை விரித்துச் சொல்லிப் பயனில்லை. மலையாண்டி கத்தவில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, மகன் இருக்கும் பக்கம் பார்க்காமல் இருந்தார். மருமகளிடம் ஒரு மாதம் பேசாமல் இருந்தவர் மகனிடம் அதைவிட அதிக நாள் பேசவில்லை. செம்மலை தன் வாரத்தை முடித்து, ஊர்ப் பணத்தில் புதுவேட்டி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனான். வட்டத்தைவிட்டு ஓடியவன் என்ற பெயர் பொன்னழகுக்கு நின்றது. டீக்கடைப் பக்கம் அவன் போவதில்லை.

ஆடியில் ஒருநாள் கல்யாணசுந்தரி, சாக்கோட்டை ஆபீசில் மலேரியா வேலைக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். பட்டிபட்டியாகப் போய், வீடு வீடாகக் காய்ச்சல் உண்டா என்று கேட்டு, இருந்தால் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்துவிட்டு வரவேண்டும். சைக்கிள் இருக்கிறவர்களாகப் பார்க்கிறார்கள். பொன்னழகுக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை தேசம் போனவன் இனி ஓலைவீட்டு வாசலில் நின்று காய்ச்சலா என்று கேட்க வேண்டுமா என்றான். அவள், சொன்னேன், அவ்வளவுதான் என்றாள். ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டில் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு இது மேல் என்று போய்ச் சேர்ந்தான்.

வேலை அவனுக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. நாய்கள் துரத்தின. ஊசியைக் கண்டதும் வீட்டில் இருந்தவர்கள் கொல்லைப்புறமாக ஓடினார்கள். ரத்தத்தைக் கண்ணாடியில் சரியாகப் பூசவில்லை என்று மேலதிகாரி, அவனைவிட வயதில் சின்னவர், எல்லார் முன்னாலும் திட்டினார். சில வீடுகளில் அவனை அடையாளம் கண்டு, பொட்டலிலிருந்து ஏன் ஓடினாய் என்று விசாரித்தார்கள். ஆனால் பெரும்பாலான பட்டிகளில் அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. காய்ச்சல் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மாட்டுக்கு வந்ததிலிருந்து மகளுக்கு வந்தது வரைக்கும் ஒரு மணி நேரம் சொன்னார்கள். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். குறுக்கே பேச அவனிடம் ஒன்றும் இல்லை.

ஆவணியில் ஒரு சாயங்காலம் பொல்லாத கோபத்தோடு வீட்டுக்கு வந்தான். போகவேண்டிய ஊர்களின் பட்டியலை நடுவழியில் மாற்றி, போன ஊருக்கே திரும்பப் போகச் சொல்லிவிட்டார்கள். பையை வீசிவிட்டு உட்கார்ந்து, அதிகாரியிலிருந்து அரசாங்கம் வரைக்கும் திட்டித் தீர்த்தான். கல்யாணசுந்தரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு கேட்டாள். அவன் ஓய்ந்த பிறகு, நாளைக்கு எங்குட்டு என்று கேட்டாள். அவன் மூன்று பட்டிகளின் பெயரைச் சொன்னான்.

"நடுவுல உள்ள பட்டிக்குப் பாதை கிடையாது. கண்மாய்க்கரை மேல ஏறித்தான் போகணும். மழை பெஞ்சிருந்தா சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டுத்தான் போகணும்" என்றாள்.

அந்த வழி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பால்வாடிக்குப் பிள்ளை சேர்க்க அந்தப் பட்டிக்குப் போனது, கரையில் வழுக்கி விழுந்தது, ஒரு கிழவர் கம்பை நீட்டித் தூக்கிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தாள். அவன் சட்டையைக் கழற்றாமல், அப்படியே உட்கார்ந்து கேட்டான்.